பாதியக்காவின் ரேட்டிங்

ஐந்து மாடி, இரண்டு லிஃப்ட், அதில் ஒன்று எப்போதும் ஓடாது. அந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அவள்தான் மேனேஜர். மாடிப்படிக்கு அடியில் சாய்வான கூரையோடு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். கவனமில்லாமல் எழுந்தால் தலையில் இடிக்கும். சுவரில் ஆணி ஆணியாகச் சாவிகள், மூலையில் தண்ணீர் மோட்டார் சுவிட்சுகள், மேஜைமேல் ஒரு தொலைபேசி. அந்த அறைக்குச் சாவி கேட்டு வருகிறவர்களைவிடச் சண்டையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

எந்தச் சண்டை வந்தாலும் அவளிடம் ஒரே மருந்து: ஆளுக்குப் பாதி. ஒரே கார் நிறுத்தும் இடத்துக்கு இரண்டு வீட்டுக்காரர்கள் முட்டிக்கொண்டால், மாதத்தின் முதல் பாதி இவருக்கு, மறுபாதி அவருக்கு. மொட்டைமாடிக் கொடியில் துணி காயப்போடுவதில் தகராறு என்றால், கயிற்றின் நடுவில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு வந்துவிடுவாள். மூன்றாம் மாடி நாய் குரைக்கிறது, இரண்டாம் மாடிக் குழந்தை தூங்கவில்லை என்று பஞ்சாயத்து வந்தபோது, நாய் பாதி நாள் பால்கனியில், பாதி நாள் உள்ளே என்று தீர்ப்பு ஆனது. நாயை யாரும் கேட்கவில்லை. இப்படியே பல வருஷம் ஓட்டியதில் அவளுக்குப் 'பாதியக்கா' என்று பேர் விழுந்துவிட்டது. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். ஆனால் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்திருப்பவளுக்கு மாடிப்படியில் பேசுவது எல்லாம் கேட்கும்.

அவள் அதற்குக் கோபப்பட்டதில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு. மூன்று பெண்களில் நடுப்பெண் அவள். மேலே இருப்பவளுக்கு உரிமை, கீழே இருப்பவளுக்குச் செல்லம், நடுவில் இருப்பவளுக்கு மிச்சம். பென்சிலை ஒடித்துப் பாதியை நீட்டினால் அழுகை நின்றுவிடும் என்பதைப் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வயதிலேயே கண்டுபிடித்துவிட்டாள். தன் பென்சிலைத்தான் ஒடித்தாள் என்பதை அப்போதும் யாரும் கவனிக்கவில்லை, இப்போதும் யாரும் கவனிப்பதில்லை.

கல்யாணமாகி வந்த வீட்டில் கணவரின் தங்கை இருந்தாள். வீட்டில் எல்லோருக்கும் அவள் 'பாப்பா'. இன்றைக்கு நாற்பது தாண்டிவிட்டது, காதோரம் நரைத்துவிட்டது, இன்னமும் பாப்பாதான். வந்த முதல் வாரமே அலமாரியில் பாதி பாப்பாவுக்கு என்று ஆனது. இருவருக்கும் செருப்பு ஒரே அளவு என்பதால் புதுச் செருப்பும் மாற்றி மாற்றி. குடும்பத்தோடு போன ஒரே ஒரு ரயில் பயணத்தில் ஜன்னலோரம் பாதி வழி இவளுக்கு, பிறகு பாப்பாவுக்கு. மலையும் அருவியும் மறுபாதியில்தான் வந்தன. இந்தக் குறை பாதியக்காவின் மனசில் இன்னும் இருக்கிறது. வெளியே ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பாப்பா இப்போது இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறாள். மொத்த மருந்துக் கடை ஒன்றில் கிடங்குப் பொறுப்பு அவளுடையது. அலமாரியில் ஒரு மாத்திரை அட்டை குறைந்தாலும் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. கடை முதலாளியே வந்து எதையாவது எடுத்தாலும் கையைப் பிடித்துக்கொண்டு, "எதுக்கு?" என்று கேட்பாளாம். அவளைக் குறை சொல்லவும் முடியாது. கிடங்கைக் காக்கிறவள் அப்படித்தான் இருக்க வேண்டும். கிடங்கைப் பூட்டிவிட்டு வந்த பிறகும் அப்படியே இருந்ததுதான் கோளாறு.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் செஸ் வந்தது ஒரு பல் டாக்டரால். குடியிருப்பின் தரைத்தளத்தில் கிளினிக் வைத்திருக்கும் அந்த அம்மாளுக்குச் செஸ் என்றால் உயிர். சனிக்கிழமை சாயங்காலம் கடைசி நோயாளி போனதும் காத்திருப்பு அறை நாற்காலிகளை எதிரெதிராகப் போட்டு, மீன்தொட்டிக்குப் பக்கத்தில் பலகைகளை விரித்துவிடுவார். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் வருவார்கள். பாதியக்கா ஒரு நாள் தண்ணீர்க் குழாய் பார்க்கப் போனவள், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அடுத்த வாரம் பாப்பாவும் வந்து ஒட்டிக்கொண்டாள். அண்ணியிடம் இருப்பதில் பாதி தனக்கு வேண்டாமா?

இரண்டு வருஷத்தில் இருவருமே தேறிவிட்டார்கள். வார நாட்களில் கைபேசியில் இணையத்தில் ஆடுவார்கள். அங்கே ஒவ்வொருவருக்கும் ரேட்டிங் என்று ஓர் எண் உண்டு. ஜெயித்தால் ஏறும், தோற்றால் இறங்கும். அதற்குமேல் அந்த எண்ணைப் பற்றிப் பாதியக்கா யோசித்தது கிடையாது, அந்தச் சனிக்கிழமை வரைக்கும்.

"கடலோரத்துல பெண்களுக்கு ஒரு டீம் போட்டி வெச்சிருக்காங்க. நாலு நாள், நாலு பேர்," என்றார் டாக்டர். "மூணு பேர் முடிவாயிடுச்சு. நாலாவது இடத்துக்கு நீங்க ரெண்டு பேரும் ஒரே தரத்துல நிக்கிறீங்க. நான் யாரையாவது தேர்ந்தெடுத்தா இன்னொருத்தர் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவீங்க. அதனால ஒண்ணு பண்ணலாம். இன்னும் மூணு வாரம் இருக்கு. கடைசி ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, இணையத்துல பத்து நிமிஷ ஆட்டத்துக்குன்னு காட்டுற ரேட்டிங் யாருக்கு மேல இருக்கோ அவங்க வாங்க."

"ரெண்டு பேரும் சமமா இருந்தா, டாக்டர்?"

கேட்டது நம்ம ஆள்தான். வேறு யார் கேட்பார்கள்?

"அப்படி ஆச்சுன்னா ரெண்டு நாள் நீங்க, ரெண்டு நாள் அவங்க."

அதன்பிறகு டாக்டர் தங்கும் இடத்தைப் பற்றிச் சொன்னார். ஆளுக்கு ஒரு தனி அறை, கடலைப் பார்த்த ஜன்னல். மற்றவர்கள் பேச்சு அதற்குமேல் பாதியக்காவின் காதில் விழவில்லை. ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு சாவி. நூற்றுக்கணக்கான சாவிகளை மாட்டி வைத்துக் காவல் காக்கிறவளுக்கு, தனக்கென்று ஒரு சாவி கையில் இருந்ததில்லை. நாலு நாள் ஜன்னலோரத்தில் உட்காரலாம். பாதி வழியில் யாரும் எழுப்ப மாட்டார்கள். அவளுக்கு அது வேண்டும் என்றிருந்தது. ஒரு பொருளை இத்தனை வெறியோடு கேட்கும் மனசு தன்னிடம் இருந்ததே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

பாப்பாவின் ரேட்டிங் அன்றைக்கு 1503. பாதியக்காவுக்கு 1490. பாப்பா அன்றோடு ஆட்டத்தை நிறுத்திவிட்டாள்.

"எதுக்கு அண்ணி ஆடணும்? ஆடினா குறையும். குறைஞ்சா யாரு கொடுப்பா?" என்று சொல்லிவிட்டு, முட்டைமேல் கோழி உட்கார்ந்த மாதிரி அந்த எண்ணின்மேல் உட்கார்ந்துகொண்டாள். அவள் அங்கே ஏறி வந்த வழியும் அப்படித்தான். எதிராளி எந்த ரேட்டிங்குக்குள் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே குறித்து வைக்கலாம். பாப்பா தன்னைவிட முந்நூறு குறைவானவர்களாகப் பார்த்துக் குறித்து வைத்திருந்தாள். ஜெயித்தால் இரண்டே இரண்டு புள்ளிதான் வரும். வந்தால் போதும், போகக் கூடாது.

பாதியக்கா மதியச் சாப்பாட்டு இடைவேளையில் படிக்கு அடியில் உட்கார்ந்து ஆடினாள். தோற்கவில்லை. ஜெயிக்கவும் இல்லை. எதிராளி, "டிரா செய்துகொள்ளலாமா?" என்று கேட்கும் சிறு கட்டம் திரையில் முளைத்தால் அவள் கை தானாகப் போய்ச் 'சரி'யை அழுத்திவிடும். அவர்கள் கேட்காவிட்டால் இவளே கேட்பாள். இருவருக்கும் மனக்கசப்பு இல்லாமல் ஆட்டம் முடிந்தது என்று நிம்மதியாகக் கைகழுவப் போவாள். வந்து பார்த்தால் ரேட்டிங் நாலு இறங்கியிருக்கும். மறுநாளும் டிரா, மறுநாளும் நாலு. சமமாகப் பிரித்தால் யாருக்கும் நஷ்டமில்லை என்பது அவள் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்த சங்கதி. இது எந்த ஊர் நியாயம் என்று அவளுக்குப் புரியவில்லை. 1462-க்கு இறங்கியபோது, இணையத்தில் ஏதோ கோளாறு என்றே முடிவு கட்டிவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் கடைவாய்ப்பல் ஒன்று தன் வேலையைக் காட்டியது.

பல் டாக்டர்களுக்கு ஒரு வசதி உண்டு. எதிரில் இருப்பவர் குறுக்கே பேச முடியாது. பாதியக்காவின் வாயில் பஞ்சையும் குழாயையும் வைத்துவிட்டு டாக்டர் ஆரம்பித்தார்.

"உங்க ஆட்டம் எல்லாத்தையும் பாத்தேன். வாயை நல்லாத் திறங்க. ஏன் இப்படி இறங்கிட்டு வர்றீங்க?"

"ஆ... ஆ..."

"டிராவுக்கு ஏன் நாலு போகுதுன்னு கேக்கிறீங்களா? உங்களைவிட இருநூறு கீழ இருக்கிற ஆளோட ஆடுறீங்க. நாலு ஆட்டம் ஆடினா மூணு உங்களுக்குத்தான்னு இந்தக் கணக்கு நினைச்சுக்கிட்டு இருக்கு. அதனால ஜெயிச்சா, 'இது தெரிஞ்ச கதைதானே'ன்னு நாலு புள்ளி குடுக்கும். தோத்தா பன்னெண்டு பிடுங்கும். டிரா பண்ணா? உங்ககிட்ட எதிர்பார்த்தது முக்கால். டிரான்னா பாதி ஜெயிச்ச மாதிரி, அதனால நீங்க குடுத்தது அரை. அந்தக் கால் பங்குக்கு நாலு புள்ளி போச்சு. அந்த நாலும் எதிராளிக்குப் போகுது."

"ஊ?"

"ஆமா, அவங்களுக்கு லாபம். அதையே திருப்பிப் போடுங்க. உங்களைவிட இருநூறு மேல இருக்கிறவங்களோட ஆடினீங்கன்னா, ஜெயிச்சா பன்னெண்டு, டிரா பண்ணாலும் நாலு வரும். தோத்தா நாலுதான் போகும். உங்க தரத்துல இருக்கிறவங்கன்னா ஜெயிச்சா எட்டு, தோத்தா எட்டு, டிராவுக்கு ஒண்ணும் கிடையாது. இவ்வளவுதான் சூட்சுமம். அசையாதீங்க."

பாதியக்கா அசையவில்லை. கண்ணை மட்டும் உருட்டினாள்.

"இன்னொண்ணு. போன செவ்வாய்க்கிழமை ஒரு ராணி முழுசாக் கூடுதலா வெச்சுக்கிட்டு டிரா குடுத்திருக்கீங்க. ஏன்?... சரி, துப்புங்க."

அவள் துப்பினாள், கொப்பளித்தாள், மரத்துப்போன உதட்டைத் துடைத்தாள். "அந்தப் பொண்ணு ரொம்ப நேரமாப் போராடிக்கிட்டு இருந்தாங்க டாக்டர். பாவமா இருந்துச்சு."

"பொண்ணுன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

டாக்டர் கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

கிளினிக்கிலிருந்து தன் அறைக்கு இருபது அடிகூட இருக்காது. அந்தத் தூரத்தை அவள் ரொம்ப மெதுவாக நடந்தாள். நாலு புள்ளி போனதல்ல அவளை உலுக்கியது. 'உங்ககிட்ட எதிர்பார்த்தது முக்கால்' என்ற சொல்தான் மனசில் சுற்றிச் சுற்றி வந்தது. அம்மா அப்பா அவளிடம் எதிர்பார்த்தது விட்டுக்கொடுப்பதை. கணவர் எதிர்பார்த்ததும் அதே. குடியிருப்புக்காரர்கள் எதிர்பார்ப்பது தகராறு இல்லாத நாளை. அவள் ஜெயிப்பாள் என்று இந்தப் பூமியில் ஒரே ஒரு கணக்குதான் எதிர்பார்த்திருக்கிறது. அதையும் தினம் தினம் ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். நாற்காலியில் உட்கார்ந்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. மரத்த உதட்டில் கண்ணீர் இறங்கியதுகூடத் தெரியவில்லை.

அழுது முடித்ததும் கைபேசியை எடுத்து, எதிராளியின் ரேட்டிங் எல்லையைத் தனக்கு மேலே நகர்த்தினாள்.

முதலில் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். மேலே இருப்பவர்கள் சும்மாவா மேலே இருக்கிறார்கள்? தொடர்ந்து தோற்று 1446-க்கு வந்தாள். பழைய ஆளாக இருந்தால் அந்த இடத்தில் கும்பிடு போட்டிருப்பாள். ஆனால் இப்போது அவளுக்குக் கணக்குத் தெரியும். ஒரு தோல்விக்கு நாலு, ஒரு வெற்றிக்குப் பன்னிரண்டு. மூன்று முறை அடிவாங்கி ஒருமுறை திருப்பி அடித்தால் சரிக்குச் சரி. நாலில் இரண்டு அடித்தால் ஏற்றம். அவ்வளவு அடிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும் வரைக்கும் எழுந்திருப்பதில்லை என்று பல்லைக் கடித்தாள். வலது பக்கத்தால் மட்டும்தான். இடது பக்கம் இன்னும் வலி.

தோற்ற ஆட்டங்களைத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். எங்கே கோட்டை விட்டோம் என்று தேடினாள். எதிராளியின் படை நெருங்கி வந்தால் உடனே காய்க்குக் காய் வெட்டிச் சமாதானம் ஆக்கிவிடுவது தன் பழக்கம் என்று அவளுக்கே தெரிந்தது. அதை நிறுத்தினாள். டிரா கேட்கும் கட்டம் முளைத்தால் 'வேண்டாம்' என்பதை அழுத்தப் பழகினாள். முதல் தடவை அழுத்தியபோது யாரையோ வாசலில் நிற்கவைத்துக் கதவைச் சாத்தின மாதிரி இருந்தது. பிறகு அப்படித் தோன்றவில்லை.

இந்தப் பழக்கம் அலுவலகத்துக்கும் தொற்றியது. நாலாம் மாடிக்காரரின் குளியலறைக் குழாய் ஒழுகி, மூன்றாம் மாடிக் கூரை ஊறிப்போயிருந்தது. இருவரும் வந்து நின்றார்கள். நாலாம் மாடிக்காரர் தெம்பாகவே வந்திருந்தார்.

"நீங்க எப்பவும் போல ஆளுக்குப் பாதின்னு சொல்லிடுங்க, முடிச்சிடலாம்."

"குழாய் யாரோடது சார்?"

"என்னோடதுதான்..."

"அப்ப முழுசா நீங்கதான் சார் சரி பண்ணணும்."

மூன்றாம் மாடிக்காரருக்கே தூக்கிவாரிப் போட்டது. அவரும் பாதிக்குத் தயாராகத்தான் வந்திருந்தார். நாலாம் மாடிக்காரர் குடியிருப்புச் சங்கக் குழுவிடம் புகார் செய்வேன் என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். ஆனாலும் பாதியக்கா சொன்னதை மாற்றவில்லை. மறுநாள் குழாய்க்காரர் வந்து நாலாம் மாடிக்குப் போவதைச் சாவி மாட்டிக்கொண்டே பார்த்தாள்.

1470, 1478, மறுபடி 1474, 1486. ஏறுவதும் சறுக்குவதுமாகப் போய், கடைசி ஞாயிற்றுக்கிழமை மதியம் 1499-ல் நின்றாள்.

பாப்பா வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வந்தவள், சாயங்காலமாகியும் கிளம்பவில்லை. சாப்பாட்டு மேஜையின் ஒரு பக்கம் அவள், எதிர்ப்பக்கம் பாதியக்கா, நடுவில் கணவர் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் நல்லவர். தங்கைக்கும் மனைவிக்கும் நடுவில் எதையாவது நறுக்கிக்கொண்டே இத்தனை வருஷத்தை ஓட்டியவர்.

ஐந்து மணிக்கு ஓர் எதிராளி கிடைத்தார். ரேட்டிங் 1700. ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் பலகையில் ஆளுக்கு ஒரு யானையும் சில சிப்பாய்களும் மிஞ்சின. யார் பக்கமும் சாயாத நிலைமை. அப்போது அந்தச் சிறு கட்டம் முளைத்தது: டிரா?

பாப்பா எழுந்து வந்து தோளுக்குமேலே எட்டிப் பார்த்தாள். கிடங்குக்காரிக்குக் கணக்கு நொடியில் ஓடியது.

"அண்ணி, எடுத்துக்கோங்க! நாலு வரும். உங்களுக்கும் 1503, எனக்கும் 1503. ரெண்டு நாள் நீங்க போங்க, அப்புறம் நான் வர்றேன். ஆளுக்குப் பாதி!"

"நல்ல யோசனைதானே," என்றார் கணவர், பீன்ஸிலிருந்து தலையைத் தூக்காமலே. "யாருக்கும் வருத்தமில்ல."

அவள் கழுத்து சரி என்று ஆடுவதற்கு ஏறக்குறையத் தயாராகிவிட்டது. எத்தனை வருஷப் பழக்கம்! ஆடாமல் பிடித்து வைக்கவே தனியாகப் பலம் வேண்டியிருந்தது. இரண்டு நாள் அறை. மூன்றாம் நாள் காலையில் சாவியைப் பாப்பாவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். பாப்பா ஜன்னலோரத்தில் உட்காருவாள். நல்ல காட்சியெல்லாம் அப்போதுதான் வரும்.

"இல்ல," என்றாள்.

"என்ன இல்ல?"

"வேண்டாம்னு சொல்றேன். பாதி வேண்டாம்."

கணவரின் கத்தி நின்றது. பாதியக்கா 'வேண்டாம்' என்பதை அழுத்திவிட்டு ஒரு சிப்பாயை முன்னால் தள்ளினாள்.

தோற்றாள். அதுவும் அசிங்கமாக. தள்ளிய சிப்பாயும் போய், பின்னால் நின்றதும் போய், ராஜா மூலையில் மாட்டிக்கொண்டார். 1495.

"பாத்தீங்களா?" என்றாள் பாப்பா. குரலில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. ஒரு மாதிரி பயம் இருந்தது. "கையில வந்ததைத் தட்டி விட்டுட்டீங்களே அண்ணி."

பாதியக்கா அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு குறைந்திருந்தது. இத்தனை காலம் எதற்குப் பயந்து பயந்து எல்லாவற்றையும் ஒடித்து நீட்டினாளோ, அந்தத் தோல்வியின் விலை நாலு. வீடு இடியவில்லை. கணவர் மறுபடி பீன்ஸ் நறுக்க ஆரம்பித்துவிட்டார். அவளுக்குத் திடீரென்று சிரிப்பு வந்தது.

"இன்னும் நேரம் இருக்கு," என்று சொல்லி அடுத்த ஆட்டத்தை அழுத்தினாள்.

இம்முறை எதிராளி 1635. வேகமாக ஆடுகிற ஆள், பயமுறுத்துகிற ஆட்டம். ராணியை ஆரம்பத்திலேயே வெளியே கொண்டுவந்து மிரட்டினார். நாலாம் மாடிக்காரரை அவளுக்கு ஞாபகம் வந்தது. ஓடாமல், வெட்டிச் சமாதானம் செய்யாமல், ஒவ்வொரு மிரட்டலுக்கும் ஒரு காயை நகர்த்திக் காத்திருந்தாள். மிரட்டி மிரட்டி அவர் தன் ராஜாவைக் கவனிக்க மறந்தார். அவளுடைய குதிரை தாவி உட்கார்ந்த இடத்திலிருந்து ராஜாவுக்கு ஒரு பக்கம் செக், மூலையில் நின்ற யானைக்கு மறுபக்கம் வெட்டு. ராஜா நகர்ந்தார். யானை போயிற்று.

உடனே கட்டம் முளைத்தது: டிரா? வேண்டாம். மறுபடி முளைத்தது. வேண்டாம். மூன்றாம் முறையும் கேட்டார். எதிரில் இருப்பது யாரோ, பெண்ணோ ஆணோ, பாவந்தான். பாவம் என்று மனசார நினைத்துக்கொண்டே 'வேண்டாம்' என்பதை அழுத்தினாள். சிறிது நேரத்தில் எதிராளி ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டார்.

பதினொன்று ஏறியது. 1506.

மேஜைக்கு எதிர்ப்பக்கத்தில் பாப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. மூன்று வாரமாக அடைகாத்த எண் மூன்று புள்ளி பின்தங்கிவிட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், அவசர அவசரமாகக் கைபேசியைத் திறந்தாள். எல்லையை மாற்றவில்லை. அந்த நெருக்கடியிலும் அவளுக்கு அது தோன்றவில்லை. 1200-ஐ ஒட்டிய ஓர் எதிராளி கிடைத்தார். பத்து நிமிடத்தில் அந்த ஆளைத் துடைத்துப் போட்டாள். பாப்பாவின் ஆட்டத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

இரண்டு புள்ளி. 1505.

"ரெண்டா?" என்றாள் பாப்பா. "ஜெயிச்சிருக்கேன். ரெண்டுதானா?"

"முந்நூறு கீழ இருக்கிற ஆளை ஜெயிச்சா அவ்வளவுதான் வரும் பாப்பா," என்றாள் பாதியக்கா. சமமான ஆள் ஒருவரை ஜெயித்திருந்தால் எட்டு வந்திருக்கும், இடமும் பாப்பாவுக்குப் போயிருக்கும். அதை அவள் சொல்லவில்லை. பாப்பாவுக்கே தெரிந்திருந்தது.

ஆறு அடிக்க இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. வேகமாக ஆடினால் ஓர் ஆட்டம் முடிக்கலாம். பாப்பாவின் விரல் 'புதிய ஆட்டம்' என்பதன் மேலே நின்றது. கீழே இறங்கவில்லை.

"ஆடு பாப்பா," என்றாள் பாதியக்கா. மனசாரத்தான் சொன்னாள், ஆடி ஜெயித்துவிடுவாளோ என்று பயந்ததும் உண்மை. "நேரம் இருக்கு. ஆடு."

"தோத்தா பதினாலு போயிடும் அண்ணி."

"போகட்டுமே. ஆடலேன்னாலும் இடம் போகத்தானே போகுது? ஆடினா கிடைக்கலாம் இல்ல?"

பாப்பா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். விரல் அங்கேயே இருந்தது. கணவர் நறுக்கிய பீன்ஸைத் தள்ளி வைத்துவிட்டு ஒருமுறை தங்கையைப் பார்த்தார், ஒருமுறை மனைவியைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார். பாதியக்கா அவரை நேராகப் பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். கடிகாரத்தின் முள் நகர்ந்து ஆறைத் தொட்டது. பாப்பா கைபேசியை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் கூப்பிட்டார். "பாத்துட்டேன். நாலாவது இடம் உங்களுக்கு. நாலு நாளும். துணிமணி எடுத்து வைங்க." பின்னால் மீன்தொட்டி மோட்டார் சத்தம் கேட்டது. பாதியக்கா, "சரிங்க டாக்டர்," என்று மட்டும் சொன்னாள்.

பாப்பா எழுந்து டீக் கோப்பைகளைக் கழுவி வைத்தாள். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கழுவினாள். பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனவள், செருப்பில் ஒரு காலை நுழைத்தபடி நின்றாள்.

"அண்ணி, ஒண்ணு சொல்லட்டுமா? 1503 போதும்னு நான் உக்காந்திருந்தது அந்த நம்பரை நம்பி இல்ல. எப்படியும் கடைசில நீங்க பாதி குடுத்துடுவீங்கன்னுதான்."

பாதியக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாப்பாவின் மேல் கோபம் வரவில்லை. பாவமாகவும் இல்லை, அல்லது இருந்தும் அது அவளைப் பிடித்துத் தள்ளவில்லை.

"தெரியும் பாப்பா," என்றாள். "நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."